எம்எஃப்-20 ஏன் ஒளிரவில்லை?
தசை மயோசின் ஆன்டிபாடி: வாசகர் கேள்வி–பதில்

தசைச் செல்லை அடையாளம் காட்ட ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்கும் எதிர்ப்பொருள்களில் ஒன்று எம்எஃப்-20. பாடநூலில் எதிர்ப்பொருள் என்று இருந்தாலும் வேலை செய்கிற இடத்தில் எல்லாரும் ஆன்டிபாடி என்றுதான் சொல்கிறோம். இங்கும் அப்படியே எழுதுகிறோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு விடை கீழே.

கேள்வி: எம்எஃப்-20 எதைப் பிடிக்கிறது? பெயரைச் சொல்கிறார்களே தவிர யாரும் விளக்குவதில்லை.
– முதுகலை விலங்கியல் மாணவர், திருச்சி

மயோசின் தசையைச் சுருக்கும் புரதம். இரண்டு கனச் சங்கிலிகளும் நான்கு சிறு சங்கிலிகளும் சேர்ந்தது ஒரு மயோசின் மூலக்கூறு. கனச் சங்கிலி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 கிலோடால்டன். அதன் ஒரு முனையில் ஆக்டினைப் பற்றி இழுக்கும் தலை இருக்கிறது. மறுமுனையில் முறுக்கிய கயிறு போல நீளும் வால். எம்எஃப்-20 பிடிப்பது இந்த வாலை.

கோழியின் நெஞ்சுத் தசையிலிருந்து எடுத்த மயோசினைச் சுண்டெலிக்குச் செலுத்தி உண்டாக்கிய மோனோகுளோனல் (ஒரே செல் வழியில் வந்த, ஒரே மாதிரியான) ஆன்டிபாடி இது. டேவிட் பேடர், மசாகி, டொனால்ட் ஃபிஷ்மன் மூவரும் 1982-இல் வெளியிட்டார்கள். இதைச் சுரக்கும் ஹைப்ரிடோமா (ஆன்டிபாடி சுரக்கும் கலப்பு) செல்கள் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கும் டெவலப்மென்டல் ஸ்டடீஸ் ஹைப்ரிடோமா பேங்க்கில் இருக்கின்றன. இது 1986-இல் தொடங்கிய லாப நோக்கமற்ற வங்கி.

வால் பகுதி மயோசின் வகைக்கு வகை அதிகம் மாறுவதில்லை. அதனால் கருவளர்ச்சிக் கால மயோசின், மெதுநார் மயோசின், வேகநார் மயோசின், இதய மயோசின் என எல்லாவற்றையும் இது பிடிக்கும். கோழி, சுண்டெலி, மனிதர், வரிக்குதிரை மீன் எதிலும் வேலை செய்யும். வழுவழுப்பான (வரியற்ற) தசை மயோசினையும் தசையல்லாத செல்களின் மயோசினையும் தொடாது. “இங்கே வரித்தசை மயோசின் இருக்கிறது” என்று சொல்லும், எந்த வகை என்று சொல்லாது. இதயத் தசைச் செல்லையும் எலும்புத் தசைச் செல்லையும் பிரித்துக் காட்டவும் இதனால் முடியாது.

கேள்வி: சி2சி12 (சுண்டெலித் தசைச் செல் வரிசை) செல்களை 5 நாள் வளர்த்து எம்எஃப்-20 போட்டேன். 1:100 நீர்த்தல். படம் மங்கலாக இருக்கிறது. போதாததற்கு, கழுவும்போதே மயோட்யூப்கள் (செல்கள் இணைந்து உருவாகும் பல கரு இழைகள்) பாய் சுருட்டுவது போலச் சுருண்டு போய்விடுகின்றன. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?
– முனைவர் பட்ட ஆய்வு மாணவி, கோவை

முதலில் அந்த 1:100. எதில் 1:100 என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. எம்எஃப்-20 மூன்று வடிவில் கிடைக்கிறது: செல் வளர்த்த மேல்திரவம், பயோரியாக்டர் திரவம், செறிவூட்டியது. மேல்திரவத்தில் மி.லி.க்கு 20 முதல் 50 மைக்ரோகிராம் ஆன்டிபாடிதான் இருக்கும். செறிவூட்டியதில் அதைப்போலப் பல மடங்கு. குப்பி மேல் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். ஒளிர்சாயப் படத்துக்கு மி.லி.க்கு 2 முதல் 5 மைக்ரோகிராம் தேவை. புரதங்களை ஜெல்லில் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு 0.2 முதல் 0.5 போதும்.

உங்கள் குப்பியில் 32 மைக்ரோகிராம் என்று இருந்தால் 1:100-இல் கிடைப்பது வெறும் 0.32. அது பிளாட்டுக்கான அளவு, படத்துக்குப் பற்றாது. 24 குழித் தட்டு ஒன்றுக்குக் குழிக்கு 200 மைக்ரோலிட்டர் வீதம் 5 மி.லி. கரைசல் வேண்டும் என்று வையுங்கள். மி.லி.க்கு 2.5 மைக்ரோகிராம் என்றால் மொத்தம் 12.5 மைக்ரோகிராம், அதாவது மேல்திரவம் 390 மைக்ரோலிட்டர். ஏறத்தாழ 1:13. கை நடுங்கத்தான் செய்யும், ஆனால் கணக்கு அதுதான்.

அடுத்து, உரிந்து வருவது. மயோட்யூப் இழுவிசை உள்ள செல். 4-ஆம் 5-ஆம் நாளில் தானாகவே துடிக்கத் தொடங்கும். குளிர்ந்த பி.பி.எஸ். (கழுவும் உப்புக்கரைசல்) ஊற்றினாலோ, மீடியத்தை முழுக்க உறிஞ்சிக் காயவிட்டாலோ சுருங்கி, தட்டின் அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். தட்டுக்கு முன்கூட்டியே 0.1% ஜெலட்டின் பூசுங்கள். நிலைப்படுத்தும் நாளில் மீடியத்தை எடுக்காமல், அதன் மேலேயே அதே அளவு 8% பாராஃபார்மால்டிஹைடை அறை வெப்பத்தில் மெல்ல விடுங்கள். 5 நிமிடம் கழித்து எடுத்துவிட்டு 4% கரைசலில் இன்னும் 10 நிமிடம். இந்த ஒரு மாற்றத்திலேயே பெரும்பாலான உரிதல் நின்றுவிடும். இரவு முழுக்க ஊறவிட்டால் ஒளி குறையும். பத்து பதினைந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

பிறகு பி.பி.எஸ்.ஸில் மூன்று கழுவல். வெற்றிட உறிஞ்சி வேண்டாம், பிப்பெட்டைக் குழியின் சுவரில் சாய்த்து விடுங்கள். 0.2% டிரைட்டான் எக்ஸ்-100-இல் 10 நிமிடம். 5% ஆட்டு சீரத்தில் ஒரு மணி நேரம். எம்எஃப்-20 இரவு முழுக்க 4 டிகிரியில். மறுநாள் மூன்று கழுவல், ஒவ்வொன்றும் 5 நிமிடம். எம்எஃப்-20-ஐப் பிடித்து ஒளிரவைக்கும், சாயம் கோத்த இரண்டாம் ஆன்டிபாடி 1:500-இல் ஒரு மணி நேரம், இருட்டில். கடைசியில் கருவை நீலமாகக் காட்டும் டாபி சாயம், மி.லி.க்கு 1 மைக்ரோகிராம், 5 நிமிடம்.

நல்ல படம் எப்படி இருக்கும்? நீளமான இழை முழுக்கப் பச்சையாகவும், அதற்குள் கருக்கள் மட்டும் முட்டை வடிவக் கறுத்த ஓட்டைகளாகவும் தெரிய வேண்டும். டாபியை மேலே வைத்தால் ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு நீலக் கரு சரியாகப் போய் உட்காரும். கருவும் பச்சையாக இருந்தால் அது மயோசின் அல்ல, பின்னணி ஒளி. இளம் மயோட்யூப்பில் சாயம் ஒரே பரப்பாகத்தான் இருக்கும். முதிர்ந்தவற்றில்தான் 40 மடங்குப் பெரிதாக்கத்தில் குறுக்கு வரிகள் தென்படும். வரி இல்லையே என்று கவலை வேண்டாம்.

இன்னொன்று. மயோட்யூப்பே குறைவு என்றால் குற்றம் செல்லில் இருக்கலாம். சி2சி12 செல்களை வளர்க்கும்போது தட்டு நிறைய விட்டு விட்டுப் பிரித்தால், ஒன்றோடொன்று இணையக் கூடிய செல்கள் ஒவ்வொரு முறையும் மயோட்யூப்பாகிக் கழன்றுவிடும். இணையாதவை மட்டும் பெருகும். 60–70% நிறைந்ததும் பிரிக்க வேண்டும். 2% குதிரை சீரத்துக்கு மாற்றும் நாளில் மட்டும் 90% நெருங்கட்டும்.

கேள்வி: இணைவு விகிதம் கணக்கிடும்போது ஒற்றைக் கரு கொண்ட பச்சைச் செல்களையும் சேர்க்கலாமா?
– ஆய்வு உதவியாளர், பெங்களூரு

கூடாது. அவை தசைச் செல்லாக மாறிவிட்டன, ஆனால் இன்னும் இணையவில்லை. இரண்டு கணக்கையும் தனித்தனியாகக் கொடுங்கள். உதாரணத்துக்கு, படமெடுத்த நுண்ணோக்கிப் புலங்களில் மொத்தம் 620 கருக்கள். எம்எஃப்-20 ஒளிரும் செல்களுக்குள் 310. அந்த 310-இல் 62 ஒற்றைக் கருச் செல்களைச் சேர்ந்தவை. மாற்ற விகிதம் 310/620, அதாவது 50%. இணைவு விகிதம் 248/620, அதாவது 40%. சிலர் இரண்டு கரு இருந்தாலே மயோட்யூப் என்கிறார்கள், சிலர் மூன்று வேண்டும் என்கிறார்கள். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் எழுதிவிடுங்கள். புலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது டாபி வடிகட்டியில் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். பச்சையைப் பார்த்துக்கொண்டே தேர்ந்தெடுத்தால் கண் நல்ல இடத்துக்கே போகும்.

கேள்வி: படத்தில் மயோட்யூப் நிறைய. அதே செல்களை ரிப்பா பஃபரில் (செல்லைக் கரைக்கும் வழக்கமான கரைசல்) கரைத்து, 12,000 ஜி-யில் சுழற்றி, மேல்திரவத்தை வெஸ்டர்ன் செய்தால் மயோசின் பட்டை ஏதோ பேருக்குத் தெரிகிறது. ஜிஏபிடிஹெச் பட்டை அருமையாக வருகிறது. இரண்டு குப்பி ஆன்டிபாடி வாங்கிப் பார்த்தாயிற்று.
– முனைவர் பட்ட ஆய்வு மாணவர், சென்னை

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நீங்கள் தேடும் மயோசின் பெரும்பகுதி அந்தக் குழாயின் அடியில், தூக்கிப்போட்ட வண்டலில் இருக்கிறது.

மயோசினின் குணம் அது. உப்பு குறைந்த இடத்தில் வால்கள் ஒன்றோடொன்று பின்னித் தடித்த இழையாகிவிடும், கரையாது. ரிப்பாவில் இருக்கும் சோடியம் குளோரைடு வழக்கமாக 150 மில்லிமோலார். மயோசின் இழை பிரிய அது போதாது. 300-க்கு மேல், 500–600 மில்லிமோலார் வரை போனால்தான் வால்கள் விலகும். ஜிஏபிடிஹெச் செல் நீரில் கரைந்து கிடக்கும் புரதம், எந்த பஃபரிலும் வந்துவிடும். அதனால்தான் அது அருமையாக வருகிறது. அதை வைத்து “புரதம் நன்றாகப் பிரிந்திருக்கிறது” என்று நினைப்பது தவறு.

சந்தேகம் இருந்தால் அடுத்த முறை வண்டலைத் தூக்கிப்போடாமல் லாம்லி பஃபரில் கொதிக்கவைத்து, மேல்திரவத்தின் பக்கத்துப் பாதையில் ஓட்டிப் பாருங்கள். விடை ஃபிலிமில் தெரிந்துவிடும்.

தீர்வு எளிது. 2% எஸ்.டி.எஸ். (புரதத்தைக் கரைக்கும் சோப்புப் பொருள்) கலந்த டிரிஸ் பஃபரை நேரே தட்டில் ஊற்றிச் சுரண்டி, 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்குங்கள். டி.என்.ஏ. வெளிவந்து சளி போலக் குழகுழப்பாகும். சோனிகேட்டரில் சில நொடிகள், அல்லது மெல்லிய ஊசியில் பத்து முறை இழுத்து விட்டால் சரியாகும். புரத அளவை பிசிஏ முறையில் பாருங்கள். பிராட்ஃபோர்டு இவ்வளவு எஸ்.டி.எஸ்.ஸைத் தாங்காது. புரதத்தின் சல்ஃபர் பிணைப்புகளை உடைக்கும் டிடிடி-யைப் புரதம் அளந்த பிறகே சேர்க்க வேண்டும், அது பிசிஏ-வைக் கெடுக்கும். எஸ்.டி.எஸ். கலந்த மாதிரியை ஐஸில் வைக்காதீர்கள், வெள்ளையாகப் படிந்துவிடும்.

ஜெல் 6%, அல்லது 4–15% சாய்வு. 220 கிலோடால்டன் புரதம் ஜெல்லை விட்டு வெளியேற நேரம் எடுக்கும். ஈர மாற்றம், 30 வோல்ட், 4 டிகிரி, இரவு முழுக்க. மெத்தனாலை 20%-இலிருந்து 10%-க்குக் குறையுங்கள், 0.05% எஸ்.டி.எஸ். சேருங்கள். மெத்தனால் கூடினால் ஜெல் சுருங்கிப் பெரிய புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெம்பிரேன் 0.45 மைக்ரான் பி.வி.டி.எஃப். முடிந்ததும் ஜெல்லைக் கூமாசியில் போடுங்கள். 200-க்கு மேல் நீலப் பட்டை இன்னும் இருந்தால் மாற்றம் முடியவில்லை என்று பொருள்.

வளர்ப்புச் செல் என்றால் பாதைக்கு 10–15 மைக்ரோகிராம். வளர்ந்த விலங்கின் தசை என்றால் 2–5 போதும், அவ்வளவு மயோசின் அதில் இருக்கிறது. மேலே போனால் பட்டையின் நடுவே வெள்ளை ஓட்டை விழும், இரண்டாம் ஆன்டிபாடியில் கோத்த எச்.ஆர்.பி. நொதி அந்த இடத்துச் சப்ஸ்ட்ரேட்டை (ஒளி தரும் வேதிப்பொருளை) நொடியில் தின்று தீர்த்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட படத்தை அளந்து எண் எழுதாதீர்கள்.

ஒப்பீட்டுக்கு ஜிஏபிடிஹெச்சை நம்புவதும் தசையில் சரிப்படாது. செல் மயோட்யூப்பாக மாறும்போது அதன் அளவும் மாறக்கூடும். பான்சோ சாயத்தில் மொத்தப் புரதத்தைப் படமெடுத்து அதோடு ஒப்பிடுங்கள். குதிரை சீரத்துக்கு மாற்றாத 0-ஆம் நாள் செல்லை ஒரு பாதையில் கட்டாயம் ஓட்டுங்கள். அங்கே 220-இல் ஒன்றும் இருக்கக் கூடாது. மற்ற பாதைகளில் கீழே சிறு பட்டைகள் தெரிந்தால் மயோசின் வெட்டுப்பட்டிருக்கிறது; கால்பெயின் போன்ற நொதிகளின் வேலை. எம்எஃப்-20 வாலை மட்டும் பிடிப்பதால் வால் ஒட்டியிருக்கும் துண்டுகளே தெரியும். கொதிநிலை எஸ்.டி.எஸ். நேரே ஊற்றினால் இந்தத் தொல்லையும் குறைகிறது.

கேள்வி: சுண்டெலித் தசைக் குறுக்குவெட்டில் எல்லா நாரையும் எம்எஃப்-20-இல் பச்சையாகவும், மெதுநார்களை பிஏ-டி5-இல் சிவப்பாகவும் காட்ட நினைத்தேன். எல்லாமே மஞ்சளாக வருகிறது.
– ஆய்வு மாணவர், ஹைதராபாத்

வராமல் என்ன செய்யும்? இரண்டும் ஐஜிஜி2பி என்ற ஒரே வகுப்பைச் சேர்ந்த சுண்டெலி ஆன்டிபாடிகள். உங்கள் இரண்டாம் ஆன்டிபாடிகளுக்கு எது எம்எஃப்-20, எது பிஏ-டி5 என்று பிரித்தறிய வழியே இல்லை.

நார்வகை பிரிக்கும் வழக்கமான கூட்டணி இது: முதல் வகைக்கு பிஏ-டி5, ஐஜிஜி2பி. இரண்டு-ஏ வகைக்கு எஸ்சி-71, ஐஜிஜி1. இரண்டு-பி வகைக்கு பிஎஃப்-எஃப்3, ஐஜிஎம். மூன்றும் மூன்று வகுப்பு என்பதால் ஒரே வெட்டில் ஒன்றாகப் போட்டு, ஐஜிஜி2பி, ஐஜிஜி1, ஐஜிஎம் என வகுப்புக்கு ஒன்றாக மூன்று நிறச் சாயம் கோத்த இரண்டாம் ஆன்டிபாடிகளால் பிரித்துவிடலாம். எதிலும் ஒளிராமல் கறுப்பாக நிற்கும் நார் இரண்டு-எக்ஸ். அதை நேரடியாகப் பிடிக்கும் 6எச்1-உம் ஐஜிஎம். பிஎஃப்-எஃப்3-உடன் ஒரே வெட்டில் போடாமல் அடுத்த வெட்டில் போடுங்கள். எம்எஃப்-20-க்கு இங்கே வேலையில்லை. எல்லா நாரும் ஒளிரும் படத்தில் எதைப் படிப்பது? நாரின் எல்லை வேண்டுமென்றால் முயலில் எடுத்த லாமினின் ஆன்டிபாடி போடுங்கள்.

எம்எஃப்-20-ஐ, மயோஜெனினைப் பிடிக்கும் எஃப்5டி ஆன்டிபாடியோடோ பாக்ஸ்7 ஆன்டிபாடியோடோ தாராளமாகச் சேர்க்கலாம், அவை இரண்டும் ஐஜிஜி1. ஆனால் “சுண்டெலி ஐஜிஜி எல்லாவற்றுக்கும்” என்று எழுதிய பொது இரண்டாம் ஆன்டிபாடியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

நார்வகைக்கான வெட்டை நிலைப்படுத்த வேண்டாம். பாராஃபார்மால்டிஹைடு பட்டால் எஸ்சி-71, பிஎஃப்-எஃப்3 இரண்டும் மங்கிவிடும். உறைந்த வெட்டு, 8–10 மைக்ரான், காற்றில் உலர்த்தி நேரே தடுப்புக் கரைசல். ஒப்பீட்டுக்கு சுண்டெலியின் சோலியஸ் தசையைப் பக்கத்தில் ஒட்டுங்கள். முதல் வகையும் இரண்டு-ஏ-யும் அதில் நிறைய, இரண்டு-பி அரிது. முன்காலெலும்புத் தசையில் நேர்மாறு. மனிதத் தசையில் இரண்டு-பி தேடாதீர்கள். மரபணு இருக்கிறது, உடல் தசை நாரில் அந்தப் புரதம் இல்லை.

உங்கள் படத்தில் நாருக்குள் தேன்கூடு போல ஓட்டைகள் தெரிகின்றன. அதற்கும் ஆன்டிபாடிக்கும் தொடர்பில்லை. தசையைத் திரவ நைட்ரஜனில் நேரே போட்டிருப்பீர்கள். சூடான தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி ஆவி மேல் மிதந்து ஓடுகிறதல்லவா? அதேபோல் தசையைச் சுற்றி நைட்ரஜன் ஆவி உறை போட்டுக் குளிரைத் தடுக்கும். மெல்ல உறைந்தால் பனிப் படிகம் பெரிதாகி நாரைக் குத்தும். எஃகுக் குவளையில் ஐசோபென்டேனை ஊற்றி, அதைத் திரவ நைட்ரஜனில் தொங்கவிடுங்கள். அடியில் வெள்ளைப் படிவு தோன்றும்போது மைனஸ் 160 டிகிரியை நெருங்கியிருக்கும். ஈரம் ஒற்றிய தசையை அதில் 10–20 நொடி முக்கி, மைனஸ் 80-க்கு மாற்றுங்கள். நீரோ உப்புக்கரைசலோ சொட்டும் தசை எந்த முறையிலும் ஓட்டை விழும்.

கேள்வி: கார்டியோடாக்சின் (தசையைச் சேதப்படுத்தும் நஞ்சு) ஊசி போட்ட சுண்டெலித் தசையில், எம்எஃப்-20 போடாத வெட்டிலும் சில நார்கள் பளிச்சென்று ஒளிர்கின்றன. இது எப்படி?
– ஆய்வாளர், புனே

எம்எஃப்-20 போடாமல் இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் போட்ட வெட்டை வைத்திருந்தீர்களே, அதுவே பாதி விடை. செத்துக்கொண்டிருக்கும் நாரின் சவ்வு கிழிந்திருக்கும். ரத்தத்திலிருந்து சுண்டெலியின் சொந்த ஐஜிஜி உள்ளே புகுந்து நிறைந்துவிடும். “சுண்டெலி ஐஜிஜி-யைப் பிடி” என்று அனுப்பிய இரண்டாம் ஆன்டிபாடி அதைத்தான் பிடித்திருக்கிறது. காயமாகாத தசையில் நார்களுக்கு இடைப்பட்ட வெளி மட்டும் மெல்ல ஒளிர்வதும் இதே காரணத்தால்.

சுண்டெலி ஐஜிஜி-க்கு எதிரான, சாயமில்லாத ஆட்டு ஃபேப் துண்டால் (ஆன்டிபாடியின் பிடிக்கும் பகுதி மட்டும்) ஒரு மணி நேரம் மூடிவிட்டுப் பிறகு எம்எஃப்-20 போடுங்கள். வகுப்பு பார்த்துப் பிடிக்கும் ஐஜிஜி2பி இரண்டாம் ஆன்டிபாடிக்கு மாறினால் பின்னணி மேலும் குறையும். புதிதாக முளைக்கும் நாரைத்தான் எண்ண வேண்டும் என்றால் எம்எஃப்-20 சரியான கருவியே அல்ல. பழைய நாரும் புது நாரும் ஒன்றாகத் தெரியும். கருவளர்ச்சி மயோசினைப் பிடிக்கும் எஃப்1.652-ஐப் போட்டு, நாரின் நடுவில் கரு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. டுஷேன் தசைச்சிதைவாக இருக்கலாம் என்கிறார்கள். இந்த ஆன்டிபாடியால் உறுதி செய்ய முடியுமா?
– ஒரு தாய், நெல்லை மாவட்டம்

முடியாது, அம்மா. டுஷேனில் குறைவது மயோசின் அல்ல, டிஸ்ட்ரோஃபின் என்ற வேறு புரதம். 1987-இல் கண்டறியப்பட்டது, 427 கிலோடால்டன். டுஷேன் உள்ள பிள்ளையின் தசையிலும் எம்எஃப்-20 ஒளிரும். இது ஆய்வுக்கான பொருள், நோயறியும் பரிசோதனை அல்ல.

இப்போது முதலில் செய்வது ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. எம்எல்பிஏ என்ற முறையில் மரபணுவில் விடுபட்ட, இரட்டித்த பகுதிகளைத் தேடுவார்கள். அதில் கிடைக்காவிட்டால் மரபணு வரிசை முழுவதையும் படிப்பார்கள். அதிலும் தெளிவாகாதபோதுதான் பெரும்பாலும் தசைத் துண்டு எடுப்பது. அப்போது டிஸ்ட்ரோஃபினின் இரு முனைகளையும் நடுப்பகுதியையும் தனித்தனி ஆன்டிபாடிகளால் பார்ப்பார்கள். செல் சவ்வு சேதமில்லாமல் இருக்கிறதா என்று ஸ்பெக்ட்ரினையும் பார்ப்பார்கள். நரம்புத் தசை மருத்துவரிடம் “எம்எல்பிஏ செய்தாயிற்றா?” என்று கேளுங்கள்.

கேள்வி: வார இறுதியில் மின்சாரம் போய் ஃப்ரீசர் உருகிவிட்டது. எம்எஃப்-20-ஐத் தூக்கிப்போடலாமா?
– ஆய்வுக்கூட மேலாளர், மதுரை

வேண்டாம். ஐஜிஜி அவ்வளவு மென்மையானதல்ல. கலங்கலோ நாற்றமோ இல்லையென்றால் 4 டிகிரியில் வைத்து, பழைய வெட்டு ஒன்றில் போட்டுப் பாருங்கள். அதே பெட்டியில் இருந்த பிஎஃப்-எஃப்3, 6எச்1 இரண்டையும்தான் முதலில் சோதிக்க வேண்டும்; ஐஜிஎம் உறைந்து உருகுவதை அவ்வளவு தாங்காது.

இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிடும் அளவை 4 டிகிரியில் வையுங்கள். மீதியைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20-இலோ 80-இலோ உறையவையுங்கள். குழாய்க்கு 20 மைக்ரோலிட்டருக்குக் குறைய வேண்டாம். செறிவூட்டிய வடிவம் என்றால் சம அளவு கிளிசரால் சேர்த்து உறையவைக்க வேண்டும். செறிவு பாதியாகிவிட்டது என்பதைக் குழாய் மேலேயே எழுதுங்கள். பனி படியாத வகை ஃப்ரீசர் வேண்டாம். பனியைக் கரைக்க அது தானே அவ்வப்போது சூடேறும், உங்களுக்குத் தெரியாமலே மாதிரிகள் உருகி உருகி உறையும்.

பிளாட்டுக்கு நீர்த்த எம்எஃப்-20-ஐ 0.02% சோடியம் அசைடு சேர்த்து 4 டிகிரியில் வைத்துச் சில முறை மீண்டும் பயன்படுத்தலாம். அசைடை எச்.ஆர்.பி. கோத்த இரண்டாம் ஆன்டிபாடியில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நொதி முடங்கிவிடும். அசைடு நஞ்சு, தொட்டியில் கொட்டினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கும் உப்பாகப் படியும். தனிக் கழிவுப் புட்டியில் சேருங்கள்.